வளைவில் திருப்பிய சாவி

எங்கள் தெருவில் வந்து என் கணவரின் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாரும் வழி காட்ட மாட்டார்கள். 'நாளைக்கு' இருக்கிறாரா என்று கேட்டால் நாலு பேர் கை நீட்டுவார்கள். டீசல் கார் மெக்கானிக். எந்த வண்டி வந்தாலும் பானட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார், "நாளைக்கு வாங்க" என்பார். மறுநாள் வந்து நிற்பவரிடமும் முகம் மாறாமல் அதையே சொல்வார். என் அப்பா கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதும் நாளைக்குச் சொல்கிறேன் என்றுதான் எழுந்து போனாராம். சொன்னபடி மறுநாள் வந்தார், அதையும் நான் மறைக்கக் கூடாது.

சோம்பேறி இல்லை. காலையில் ஷெட்டுக்குள் நுழைந்தால் இருட்டும்வரை நிமிர மாட்டார். அவரால் ஒரு நேரத்தில் ஒரு வண்டியைத்தான் நினைக்க முடியும், அதுதான் வியாதி. கையில் இருக்கும் வேலை முடியாதவரை இன்னொரு வண்டி வாசலில் வந்து பற்றி எரிந்தாலும் நாளைக்குத்தான். கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகிறவர்கள் அங்கே சூடுபட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். இவர் கை பட்ட வண்டி அதே கோளாறோடு மறுபடி வராது. அந்த நம்பிக்கையில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது.

முன்பக்கம் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஃபில்டர், பெல்ட், ஆயில், வைப்பர். பின்பக்கம் அவருடைய ஷெட். நடுவில் ஒரு கதவு, அதன் தாழ்ப்பாள் என்றைக்கோ உடைந்துபோனது. சரிசெய்யச் சொன்னால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் ஷெட்டில் பேசுவதெல்லாம் கடையில் கேட்கும், கடையில் நான் போடும் சத்தமெல்லாம் ஷெட்டில் கேட்கும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வண்டி என் தம்பியுடையது. ஏழு பேர் உட்காரும் டீசல் கார். காலையில் டீச்சர்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்தில் விடுவான், சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவான். அவன் மனைவியும் அங்கேதான் டீச்சர், முன்சீட்டு அவளுடையது. தம்பி எறும்புக்கும் வழிவிட்டு ஓட்டுகிறவன். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜினுக்கு வலிக்குமோ என்பதுபோல் மெதுவாக உருட்டிக்கொண்டு போவான். நாங்கள் கேலி செய்வோம், அவன் சிரிப்பான். அப்படிப்பட்டவன் ஓட்டும் வண்டியைப் பார்த்து ஒருநாள் நான் பயப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

முதல்முறை அவன் வந்தபோது இவர் இன்னொரு காருக்கு அடியில் படுத்திருந்தார். இரண்டு கால்கள்தான் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களைப் பார்த்துத்தான் தம்பி பேசினான்.

"மாமா, ஸ்கூலுக்குக் கீழ ஒரு வளைவு இருக்குல்ல, அந்த ஏத்தத்துல வண்டி திடீர்னு செத்துப் போகுது. மிதிச்சா ஏறல. இன்ஜின் லைட்டு எரியுது. பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சே உயிர எடுத்துட்டான்."

"டர்போவா இருக்கும் மாப்ள," என்றன கால்கள். "நாளைக்கு வா."

"நாளைக்கும் டீச்சருங்கள ஏத்தணுமே."

ஸ்பேனர் இன்னொரு நட்டைத் திருகி முடித்தது. பிறகு இவர் சொன்னார். "அப்ப ஒண்ணு பண்ணு. மறுபடி அப்படி ஆச்சுன்னா ஓரமா நிறுத்து. சாவிய அணைச்சு மறுபடி போடு. கம்ப்யூட்டர் மறந்துடும், பழையபடி இழுக்கும். வீடு வந்து சேர்ற வரைக்கும் தாங்கும்."

தம்பி சரி என்று போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது. காருக்கு அடியிலிருந்து வந்த அந்தக் குரல் இப்போதும் என் காதைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வேலை இருக்கும், வண்டி சரியாகியிருக்கும் என்று நான் விட்டுவிட்டேன். இவர் வழக்கம்போல் கையிலிருந்த வண்டியில் மூழ்கிப் போனார். ஒரு மழைக்காலம் அப்படியே போனது.

மழை விட்ட ஒரு சாயங்காலம் தம்பி மனைவி வைப்பர் பிளேடு வாங்க வந்தாள். எடுத்துக் கொடுத்துக்கொண்டே, வண்டி எப்படி ஓடுகிறது என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"நல்லா ஓடுது அண்ணி. அந்த வளைவுல மட்டும் அவர் சாவிய திருப்புவார். அப்புறம் ஜம்முனு ஏறிடும்."

"நிறுத்திட்டுத்தானே?"

"நிறுத்த அங்க எடம் ஏது? ஓடும்போதேதான். கிளட்ச மிதிச்சு, டக்குனு அணைச்சு, டக்குனு போட்டுருவார். கண்ணு சிமிட்டுற நேரம்தான்."

"தினமுமா?"

"தினமும்தான். அந்த வளைவு வந்தாலே பின்னாடி இருக்கிற டீச்சருங்க எல்லாரும் ஒண்ணா 'சாவி'ன்னு சொல்லுவாங்க. சின்னப் பிள்ளைங்க கெட்டாங்க. ஒரே சிரிப்பா இருக்கும்."

"நீயும் சிரிப்பியா?"

அவள் வைப்பர் பிளேடைப் பைக்குள் வைத்தாள். "நான் கண்ண மூடிக்குவேன் அண்ணி."

ஷெட்டில் ஸ்பேனர் சத்தம் நின்றிருந்தது. இவர் கதவருகே வந்து நின்றார், கையெல்லாம் ஆயில். முகம் வெளுத்துப் போயிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வேலையைப் பாதியில் விட்டு எழுந்து வந்து நான் பார்த்ததே இல்லை.

"ஏம்மா, ஓடுற வண்டில இன்ஜின அணைச்சா என்ன ஆகும்னு தெரியுமா?" என்று அவளிடம் கேட்டார். "ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடும். பிரேக்கு ஒருதரம் ரெண்டுதரம் பிடிக்கும், அப்புறம் அதுவும் கல்லுதான். அந்தக் கண்ணு சிமிட்டுற நேரம் வண்டி அவன் கையில இல்ல."

"நீங்கதானே அண்ணா சொல்லிக் கொடுத்தீங்க?" என்றாள் அவள். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

'ஓரமா நிறுத்து' என்று முதலில் சொன்னதை அவர் எடுத்துப் பேசியிருக்கலாம். நானாக இருந்தால் பேசியிருப்பேன், நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "வண்டிய கொண்டு வரச் சொல்லு. பார்த்து முடிக்காம அது இனிமே மேல போகாது," என்று மட்டும் சொன்னார்.

பள்ளிக்கூடம் விடுமுறையாக இருந்த நாள் காலையில் தம்பி வண்டியைக் கொண்டுவந்து விட்டான். இவர் வேறு எந்த வண்டியையும் உள்ளே விடவில்லை. தம்பியை ஒரு ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, என்னைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்.

"நான் ஓட்டுறேனே மாமா, அக்கா எதுக்கு?" என்றான் தம்பி.

"நீ உட்காரு மாப்ள."

காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ, இன்ஜினுக்குப் பின்னால், கீழே ஒளிந்திருக்கும். இவர் ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியுமாகக் குனிந்தார். டர்போவின் பக்கத்தில் டப்பா மாதிரி ஒன்று இருக்கிறது, அதுதான் ஆக்சுவேட்டர். அதிலிருந்து ரப்பர் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சினால் ஒரு மெல்லிய கம்பியை இழுக்கும். கம்பி ஒரு லீவரை அசைக்கும். லீவர் அசைந்தால் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன இறக்கைகள் திறந்து மூடும். இன்ஜினுக்கு எவ்வளவு காற்றுப் போக வேண்டும் என்பது அந்த இறக்கைகளின் கையில். கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து இவ்வளவு எனக்கும் தெரியும்.

"ஸ்டார்ட் பண்ணு," என்றார். பண்ணினேன். "அணை." அணைத்தேன். மறுபடி ஸ்டார்ட், மறுபடி அணை. கண்ணாடியில் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்டார்ட் செய்ததும் அது முழுசாக மேலே ஏற வேண்டும், அணைத்ததும் முழுசாக இறங்க வேண்டுமாம். பாதிவரை போய் நின்றது. இறங்கும்போது தயங்கித் தயங்கி இறங்கியது.

ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கையால் அழுத்திக் காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்பை மாட்டினார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பம்பின் மீட்டரில் முள் ஏறியது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். முள் இறங்கவில்லை.

"டப்பா நல்லா இருக்கு," என்றார். "ஓட்டை இல்ல. குழாயும் நல்லா இருக்கு. இதையெல்லாம் பார்க்காம டப்பாவ மாத்தினா வண்டி திரும்ப வரும்."

அடுத்து லீவரிலிருந்து கம்பியைக் கழற்றினார். தனியாக விட்டதும் கம்பி முழுசாக ஓடியது. ஆனால் லீவரை விரலால் தள்ளிப் பார்த்தபோது அது கொஞ்சம் நகர்ந்து நின்றது. இன்னும் அழுத்தினார். உள்ளே மண் நெரிபடுவது போல ஒரு சத்தம் வந்தது.

"இறக்கை பிடிச்சிருக்கு. உள்ள பூராவும் கரி." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தம்பியைப் பார்த்தார். "இறக்கை மூடின மாதிரியே மாட்டிக்குது. ஏத்தத்துல, ஆளுங்க பாரத்தோட மிதிக்கும்போது காத்து அளவுக்கு மீறி ஏறுது. இன்ஜின் வெடிச்சிடக் கூடாதேன்னு கம்ப்யூட்டரே மூச்ச நிறுத்துது. சாவிய அணைச்சா அது மறந்துடுது. கரி மறக்காது."

"இவ்ளோ பதமா ஓட்டுறேன், கரி எப்படி மாமா வரும்?"

"பதமா ஓட்டுறதாலதான். டர்போவ அப்பப்ப நல்லா மிதிச்சு ஓட்டணும், அப்பதான் சூட்டுல கரி எரியும். நீ உருட்டியே அதைத் தூங்க வெச்சுட்ட."

தம்பி சிரித்தான். நானும் சிரிக்கப் போனேன். அப்போதுதான் அவன் கையைப் பார்த்தேன். போனில் ஏதோ தேடிக்கொண்டிருந்தான், படம் சட்டென்று வரவில்லை. அவனுடைய வலது கை முழங்காலுக்குப் பக்கத்தில் தானாக உயர்ந்து, இல்லாத ஒரு சாவியைப் பின்னால் திருப்பி, முன்னால் திருப்பியது. படம் வந்தது. கை இறங்கிவிட்டது. அவன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இவரிடம் சொன்னேன். சத்தமாக அல்ல, அவர் பக்கத்தில் குனிந்து. "பார்த்தேன்," என்றார். டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

அவசரத்துக்கு எண்ணெய் அடித்து லீவரை ஆட்டி ஆட்டி விடுவித்துவிடலாம், பலரும் அதோடு விட்டுவிடுவார்கள். கொஞ்ச நாளில் மறுபடி பிடித்துக்கொள்ளும். இவர் டர்போவையே இறக்கினார். மூடி எந்தப் பக்கம் எப்படி உட்கார்ந்திருந்தது என்று அடையாளம் கீறிவிட்டு, திருகாணிகளை ஒவ்வொன்றாகச் சூடுகாட்டிக் கழற்றினார். மூடியைத் திறந்தபோது உள்ளே கறுப்பாக, பொடி அப்பிய ஒரு வட்டம். இறக்கைகள் எது, இடைவெளி எது என்று தெரியவில்லை. டீசலில் ஊற வைத்து, பிரஷால் தேய்த்து, மறுபடி ஊற வைத்துத் தேய்த்தார். லீவர் எதுவரை போகலாம் என்று தடுக்கும் ஒரு சின்னத் திருகாணி உண்டு, கம்பெனியே பெயின்ட் வைத்து மூடியிருக்கும். இழுவை அதிகமாக வேண்டும் என்று அதைத் திருகுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர் அதன் பக்கம் பிரஷ்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் லீவரைத் தூக்கிவிட்டால் தன் எடையிலேயே விழுந்தது. என்னைக் கூப்பிட்டு என் விரலாலும் தள்ளிப் பார்க்கச் சொன்னார். வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. அதைத் தொட்டபோது பாதி பயம் போன மாதிரி இருந்தது எனக்கு. எல்லாவற்றையும் மாட்டி, ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்தபோது கம்பி சரக்கென்று ஏறி, சரக்கென்று இறங்கியது.

இவருக்கு ஒரு வழக்கம் உண்டு. டர்போ வேலை பார்த்த வண்டியைக் காலியாக ஓட்டிப் பார்த்துக் கையில் கொடுக்க மாட்டார். பாரம் ஏறினால்தான் அதன் குணம் தெரியும் என்பார். யார் தினமும் ஓட்டுகிறார்களோ அவர்களே ஓட்ட வேண்டும், தினமும் ஏறுகிறவர்கள் ஏற வேண்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். அதனால் பள்ளிக்கூடம் திறந்த காலையில் நாங்களும் கிளம்பினோம். முன்சீட்டில் இவர். இரண்டு டீச்சர்கள் லீவு, அந்த இடங்களில் நானும் தம்பி மனைவியும் அருகருகே. பின்னால் மற்ற டீச்சர்கள். கடையைப் பூட்டிவிட்டு ஏன் வருகிறாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

கிளம்பும் முன் இவர் சொன்னார். "மாப்ள, இனிமே அது நிக்காது. சாவி பக்கமே கை போகக் கூடாது."

"இனிமே எதுக்கு மாமா போகுது?"

வண்டி நன்றாகவே ஏறியது. இத்தனை நாள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிய வண்டி, மிதித்தவுடன் பாய்ந்தது. டீச்சர்கள் புது வண்டியா என்று கேட்டார்கள். தம்பிக்குக் குஷி வந்துவிட்டது. இவர் சொன்னபடி நன்றாக மிதித்தே ஓட்டினான். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். இரவு பெய்த மழையில் சாலை நனைந்து கிடந்தது. நான் பாறையைப் பார்க்கவில்லை, பள்ளத்தையும் பார்க்கவில்லை. முன்சீட்டுகளுக்கு நடுவே என் தம்பியின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளைவு வந்தது. பக்கத்தில் தம்பி மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கும் பழகிவிட்டிருந்தது. வண்டி தயங்கவில்லை, இழுத்துக்கொண்டுதான் இருந்தது. பின்னாலிருந்து, பழக்க தோஷத்தில், விளையாட்டாக, ஒரே குரலில் வந்தது அந்தச் சொல்.

"சாவி."

அவன் கால் கிளட்சை மிதித்தது. கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கியது. திருப்பியது.

முன்பெல்லாம் அவன் சாவியைத் திருப்பும்போது வண்டி செத்து ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு கையால் கல் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சமாளித்திருப்பான். இப்போது வண்டி வேகத்தில் இருந்தது. என் கணவர் சரிசெய்து கொடுத்த வேகம். வளைவு மலைப் பக்கம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நேராகப் பள்ளத்துப் பக்கம் போனது. எதிரே மேலிருந்து ஒரு லாரி இறங்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் சத்தமே இல்லாமல், டயர் ஈரத்தில் வழுக்கும் சத்தம் மட்டும் கேட்க, நாங்கள் எல்லோரும் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

இவர் தம்பியின் மேல் குறுக்கே விழுந்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இழுத்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது. வண்டி பாறைப் பக்கம் சாய்ந்து, உரசி, உரசிக்கொண்டே போய் நின்றது. லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்து கீழே போனது.

பின்னால் ஒரு டீச்சர் அழ ஆரம்பித்தார். தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு இவர் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் பயம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. பாவம் மாமா, இவ்வளவு உழைத்தாரே என்கிற வருத்தம்.

"வண்டில இன்னும் கோளாறு இருக்கு மாமா," என்றான். "தானா நின்னுடுச்சு."

இவர் சாவியைக் காட்டினார். அது அணைந்த பக்கம் திரும்பியிருந்தது.

"நின்னதும் திரும்ப ஸ்டார்ட் பண்ணத் திருப்பினேன். அதுக்கு முன்னாடி நான் தொடவே இல்ல. நீயே கேளு," என்று மனைவியைப் பார்த்தான்.

அவள் கண்ணைத் திறந்து எங்களை மாறி மாறிப் பார்த்தாள். கண்ணை மூடியிருந்தவள் எதைப் பார்த்தேன் என்று சொல்வாள்? டீச்சர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாங்கள் அந்தச் சொல்லைச் சொன்னதை அவர்களில் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. நான் சொன்னேன். "நீதான்டா திருப்பின, நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்," என்று சொன்னேன். என் தம்பி என்னை யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

டீச்சர்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, இவரே வண்டியை ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்த பிறகு பொறுமையாக எல்லாவற்றையும் பிரித்துச் சொன்னார். கை பழகிவிட்டது, மனசைக் கேட்காமல் போகிறது, உன்னுடைய தப்பு இல்லை, சொல்லிக் கொடுத்தவன் நான், கொஞ்ச நாள் ஓட்டாமல் இரு. தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். கேட்டு முடித்து ஒன்றுதான் சொன்னான்.

"உங்க வேலை சரியில்லன்னு ஒத்துக்க மனசு வரல, அதான் என் மேல போடறீங்க."

அவன் அப்படிப் பேசுகிறவன் இல்லை. எனக்குப் பதில் வாய்வரை வந்தது. இவர் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"சரி மாப்ள. வண்டிய விட்டுட்டுப் போ. மறுபடி பார்க்கிறேன்."

"எப்ப ரெடியாகும்?"

"நாளைக்கு வா," என்றார்.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. கதவில் விழுந்த கீறலைத் தவிர. இவர் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு அதை ஷெட்டின் மூலையில் நிறுத்தினார். தம்பி மறுநாள் வந்தான். "நாளைக்கு," என்றார். அதற்கு மறுநாளும் அதுதான். இந்த ஒரு சொல்லுக்காக எத்தனையோ வருடம் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். இப்போது தம்பியின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால், இன்றைக்கும் அவர் அதைச் சொல்லிவிட வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். சொல்வார். அவன் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஷெட்டைப் பார்ப்பான். டீச்சர்கள் வேறு வேனில் போக ஆரம்பித்துவிட்டார்கள் என்பான். கை அவன் மடியில் கிடக்கும். நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பேன். சில நாள் அது சும்மா கிடக்கும். சில நாள் திருப்பும்.

பிறகு ஒரு மத்தியானம் அவன் சிரித்துக்கொண்டே வந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது, எனக்கு மனசு இளகிவிட்டது.

"வண்டிய நீங்க எத்தனை நாள் வேணாலும் வெச்சுக்கோங்க மாமா. எனக்கு வேலை கிடைச்சிருச்சு. மேல இருக்கிற ஸ்கூல் பஸ்ஸு. பழைய பஸ்ஸுதான், பிள்ளைங்கள ஏத்தி இறக்கணும். பஸ் ஓனர் என் ஓட்டத்தப் பத்திக் கேள்விப்பட்டிருக்கார், பொறுமையான ஆளு வேணும்னாராம்."

இவர் கையில் இருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தார். "எப்ப சேரணும்?"

"நாளைக்கு," என்றான் தம்பி.

அவன் போன பிறகு இவர் ஸ்பேனரைத் திரும்ப எடுக்கவில்லை. நடுவில் ஒரு வண்டி பிரிந்து கிடந்தது, அதன் சொந்தக்காரர் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். இவர் கையைக் கழுவினார், சோப்புப் போட்டு, நகக்கண் வரைக்கும். சட்டையை மாற்றினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அந்த பஸ் ஓனர பார்க்க."

"என்ன சொல்லப் போறீங்க?"

"என் மாப்ள கைய நம்பி பிள்ளைங்கள ஏத்தாதீங்கன்னு."

அவன் பிழைப்பில் மண் விழும். என்னை அக்கா என்று கூப்பிட மாட்டான். அது மட்டுமல்ல, அவன் நினைத்துக்கொண்டிருப்பது சரி என்று ஆகிவிடும், மாமா தன் வேலையை மறைக்கத் தன்னைக் கெடுக்கிறார் என்று. இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது.

"நாளைக்குப் போகலாமே," என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை.

"இன்னைக்கே போகணும்," என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். வாசலில் நின்ற சொந்தக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

பஸ் ஓனர் நம்பினார். அந்த வேலை தம்பிக்குக் கிடைக்கவில்லை. அதன் பிறகு அவன் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. தம்பி மனைவி மட்டும் ஒருமுறை பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கடைக்குள் வந்து, ஒன்றும் வாங்காமல், ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். திட்ட வந்தாளா, நன்றி சொல்ல வந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அந்தக் கார் இன்னும் ஷெட்டின் மூலையில் நிற்கிறது. அசையாமல் நின்றால் லீவர் துருப்பிடித்து மறுபடி மாட்டிக்கொள்ளும் என்று, இவர் அவ்வப்போது குனிந்து அதை விரலால் தள்ளிவிடுகிறார். அது போகிறது, வருகிறது. இப்போதெல்லாம் வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் வண்டியை ஓட்டுவது யார் என்று கேட்கிறார், அப்புறம்தான் பானட்டைத் தூக்குகிறார். நாளைக்கு என்று சொல்வதை ஏறக்குறைய விட்டுவிட்டார். ஆனால் தெருவில் அவர் பெயர் மாறவில்லை.

போன மாதம் ஒரு லாரி டிரைவர் ஆயில் ஃபில்டர் வாங்க வந்தார். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் உங்கள் தம்பியைப் பார்த்தேன், ஏதோ வண்டி ஓட்டுகிறான், நன்றாக இருக்கிறான் என்றார்.

"என்ன வண்டி?" என்று கேட்டேன். ஷெட்டில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"சரியா பார்க்கலம்மா," என்றார் அவர். "நிறைய ஆளுங்க இருந்தாங்க உள்ள."